வாசகர் கேள்வி: வேலையை விட்டுட்டு மொழி சொல்லிக் குடுக்கப் போகலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 37 வயசு. சென்னை ஓஎம்ஆர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில டெஸ்டிங் டீம் லீடா இருக்கேன், 14 வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷமா ஆபீஸ்ல இருக்கற வடநாட்டுப் பசங்களுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை பேச்சுத் தமிழ் சொல்லிக் குடுக்கறேன், காசு வாங்கறதில்ல. அந்த ரெண்டு மணி நேரத்துக்காகத்தான் வாரம் பூரா ஓட்டறேன்னு சொல்லலாம். வேலையை விட்டுட்டு எம்.ஏ. மொழியியல் சேந்து படிச்சு முழுநேரமா மொழி ஆசிரியரா போயிடலாமான்னு மனசு அடிச்சுக்குது. வீட்டுல அவங்க வேலைக்குப் போறாங்க, வீட்டுக் கடன் இன்னும் 9 வருஷம் இருக்கு, பையன் நாலாவது படிக்கிறான். அப்பாகிட்ட சொன்னதுக்கு இந்த வயசுல காலேஜான்னு கேட்டவர்தான், ஒரு மாசமா முகம் குடுத்துப் பேசல. பண்ணலாமா வேணாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, உங்க லெட்டரைப் படிச்சதும் எனக்கு என்னோட 37 வயசுதான் ஞாபகம் வந்துச்சு. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில 12 வருஷம் ஷிப்பிங் டாக்குமென்ட் பாத்தேன், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங்னு அதுலயே காலம் ஓடிப்போச்சு, 39 வயசுலதான் எம்.ஏ. மொழியியல் சேந்தேன். அதனால பட்டுப் பாத்து சொல்றேன், பண்ணலாம். ஆனா நீங்க போட்டு வெச்சிருக்கற வரிசையை மாத்தணும்.

ரெண்டு விஷயத்தை ஒரே முடிச்சா போட்டு வெச்சிருக்கீங்க. மொழி சொல்லிக் குடுக்கறது ஒரு தொழில், மொழி எப்படி வேலை செய்யுதுன்னு ஆராயற மொழியியல் ஒரு படிப்பு. பிரமாதமா சொல்லிக் குடுக்கற எத்தனையோ பேர் மொழியியல் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதவங்க, அதுல பெரிய பட்டம் வாங்கினவங்கள்ல யாருக்கும் ஒரு வாக்கியம் சொல்லிக் குடுக்கத் தெரியாதவங்களும் இருக்காங்க. ஒண்ணுக்கொண்ணு உதவும், நிறையவே உதவும், அது எப்படின்னு எனக்கு நடந்ததைச் சொன்னா புரியும்.

எங்க கம்பெனில பீகார்லேர்ந்து ஒரு மெர்ச்சன்டைசர் வந்தாரு. சாயங்காலம் அரை மணி நேரம் தமிழ் சொல்லிக் குடுங்கக்கான்னு கேட்டாரு, குடுத்தேன். ஒரு நாள் ‘அனுப்பினேன், அனுப்பிட்டேன், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்’னு கேட்டாரு. ரெண்டும் ஒண்ணுதாங்க, எதை வேணா சொல்லுங்கன்னுட்டேன். அடுத்த வாரம் மனுஷன் முகம் வாடி வந்து நிக்கறாரு. சூப்பர்வைசர் ‘சாம்பிள் அனுப்பிட்டீங்களா’ன்னு கேட்டிருக்காரு, இவரு ‘அனுப்பினேன்’னு சொல்லியிருக்காரு, உடனே அவரு ‘அனுப்பினீங்க, அப்புறம் என்ன ஆச்சு, திரும்பி வந்துடுச்சா’ன்னு பதறிப்போய் கூரியர்காரனுக்கு போன் போட்டுட்டாராம். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. பொறந்ததுலேர்ந்து பேசற பாஷை, அந்த ‘ட்டேன்’ என்ன வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியலையே!

அது வேற ஒண்ணுமில்ல, அனுப்பி விட்டேன். ‘விடு’ங்கற வினை தன்னோட சொந்த அர்த்தத்தைக் கழட்டி வெச்சுட்டு இன்னொரு வினைக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு, வேலை முடிஞ்சது, இனி அதுல ஒண்ணும் பாக்கி இல்லைன்னு சொல்லுது. அதனாலதான் வெறும் அனுப்பினேன்னு சொன்னா கேக்கறவங்க மீதிக் கதைக்குக் காத்திருக்காங்க. இதைப் பின்னாடி வகுப்புல படிச்சப்ப எனக்கு அடுத்துத் தோணினது என்னன்னா, இந்தியிலயும் இதே மாதிரி இருக்கு, ‘பேஜா’ன்னா அனுப்பினேன், ‘பேஜ் தியா’ன்னா அனுப்பிட்டேன், அங்க ‘குடு’ங்கற வினை வந்து ஒட்டுது, இங்க ‘விடு’. இது மட்டும் அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் பையனுக்கு ஒரே நிமிஷத்துல புரிய வெச்சிருப்பேன், அவருக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்தானே அது.

படிப்பு குடுக்கறது இந்தக் காதைத்தான். எதிர்ல இருக்கறவர் தப்பு பண்ணும்போது தப்புன்னு சொல்றது யாராலயும் முடியும், அவரோட மொழியிலேர்ந்து பாத்தா அந்தத் தப்பு எவ்வளவு நியாயமா வருதுன்னு கேட்டுப் பிடிக்கறதுக்குத்தான் பயிற்சி வேணும். உங்க சனிக்கிழமை கிளாசையே எடுத்துக்கோங்க. ‘நாம’வும் ‘நாங்க’வும் இந்திக்காரங்க போட்டுக் குழப்புவாங்க, ஏன்னா அவங்களுக்கு ‘ஹம்’னு ஒண்ணே ஒண்ணுதான். எதிர்ல இருக்கறவரையும் சேத்தா நாம, அவரை விட்டுட்டுச் சொன்னா நாங்க. ‘நாம சாப்பிடப் போறோம்’னு அவர் சொன்னா நீங்க செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்க, அவர் சொல்ல வந்தது நாங்க மட்டும் போறோம்னு. ஆனா குஜராத்தியோ மராத்தியோ பேசறவங்க வந்தா ரெண்டே நிமிஷத்துல பிடிச்சுக்குவாங்க, அவங்க மொழியில இந்தப் பிரிவு இருக்கு. கன்னடத்துல இப்ப இல்ல, அதனால பக்கத்து ஸ்டேட்டாச்சே, சுலபமா வரும்னு கன்னடக்காரங்களை நம்பி விட்டுடாதீங்க. இன்னொரு பக்கம் ‘எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும்’னு வர்ற இடத்துல இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச ஆள் திணறுவாரு, இந்திக்காரர் ‘முஜே’ன்னு வெச்சுப் பழகினவர், அவர் திணற மாட்டாரு. ஆளுக்கு ஆள் பாடம் மாறணும். எல்லாருக்கும் ஒரே நோட்ஸ் ஜெராக்ஸ் போட்டுக் குடுக்கறதுதான் நான் பண்ணின முதல் தப்பு.

‘ழ’ சொல்லிக் குடுக்கறதுக்கும் ஒரு வழி சொல்றேன், நாளைக்கே ட்ரை பண்ணிப் பாருங்க. நாக்கை மடிங்க மடிங்கன்னு சொன்னா ‘ள’ல போய்த்தான் நிப்பாங்க. தொல்காப்பியத்துல பிறப்பியல்னு ஒரு பகுதி முழுக்க எந்த எழுத்து வாயில எங்க பொறக்குதுன்னுதான் பேசுது, அதுல ழகாரத்துக்கு நுனி நாக்கு மேல எழும்பி அண்ணத்தை வருடணும்னு இருக்கு. அந்த ‘வருட’ங்கற வார்த்தை எவ்வளவு கச்சிதம் பாருங்க! முட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. நான் மாணவங்களை மொதல்ல ‘ர்ர்’னு இழுக்கச் சொல்லி, இழுத்துக்கிட்டே நாக்கு நுனியைப் பின்னாடி நகத்தச் சொல்லுவேன், காத்து நிக்கவே கூடாது. பத்துல ஏழெட்டுப் பேருக்கு அதே நாள்ல ‘பழம்’ வந்துடும்.

எனக்குப் படிப்புல மனசுல நின்னது முதல் செமஸ்டர் ஒலியனியல் வகுப்பு, ஒரு மொழியில ஒலிகள் எந்தக் கணக்குல நடக்குதுன்னு பாக்கற பாடம். ப்ரொஃபசர் போர்டுல பிடி–புடி, பெட்டி–பொட்டி, பெண்–பொண்ணு, பிள்ளை–புள்ள, வீடு–வூடுன்னு எழுதிப் போட்டு, பேச்சுல இங்க மட்டும் ஏன் மாறுது, பேசு, மீசை, விதை இதெல்லாம் ஏன் போசு, மூசை, வுதைன்னு ஆகலன்னு கேட்டாரு. முக்கால் மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டோம். விஷயம் என்னன்னா முன்னாடி ப, ம, வன்னு உதட்டுல பொறக்கற எழுத்து இருக்கணும், பின்னாடி ட, ண, ள, ழன்னு நாக்கு வளையற எழுத்து இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல மாட்டின இ, எ மட்டும்தான் உதடு குவிஞ்சு உ, ஒ ஆகுது. எங்க அம்மாயி, அதான் அம்மாவோட அம்மா, ‘ஊட்டுக்குப் போலாம்’னுதான் சொல்லும், பள்ளிக்கூடத்துல அப்படிப் பேசினா படிக்காத பேச்சுன்னு அடி விழும். அன்னிக்கு போர்டைப் பாத்துட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, அம்மாயி பேசினது ஒரு கணக்குக்குள்ள நின்ன பேச்சு, அதுக்குப் போய் சின்ன வயசுல அடி வாங்கியிருக்கேன். நீங்க டெஸ்டிங் ஆள், இந்தப் படிப்பு உங்களுக்கு ஒட்டும் தம்பி. மத்ததையெல்லாம் அப்படியே வெச்சுட்டு ஒண்ணை மட்டும் மாத்தி எங்க உடையுதுன்னு பாக்கறதுதானே உங்க வேலை, ஒலியனியல்ல மனம்–மணம், வலி–வழின்னு ஜோடி போட்டுப் பாக்கறது அச்சா அதேதான்.

இப்ப காசு விஷயம். எம்.ஏ. மொழியியல் முடிச்சா வேலை காத்துக்கிட்டு இருக்கும்னு நினைச்சுப் போகாதீங்க. காலேஜ்ல வாத்தியார் வேலைக்குன்னா எம்.ஏ.ல 55 சதவீதம் எடுத்து (இடஒதுக்கீட்டுப் பிரிவுன்னா 50) நெட்ங்கற தேசியத் தகுதித் தேர்வு எழுதணும், உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயசு வரம்பு கிடையாது, ஆனா மாசாமாசம் பணம் வர்ற ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகைக்கு 30 வயசு, சலுகை இருந்தாலும் 35தான், நீங்க படிச்சு முடிக்கும்போது 39 தாண்டியிருக்கும். அதுவும் போக மொழியியல் துறை இருக்கற இடங்களே கம்மி, அண்ணாமலை, பாரதியார், தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், கேரளப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்னு விரல் விட்டு எண்ணிடலாம், காலி இடம் எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்களுக்கு இருக்கற இன்னொரு கதவு, கம்ப்யூட்டருக்குத் தமிழ் பேசவும் கேக்கவும் பழக்கற வேலை, அதுக்கு மொழியியலும் தெரிஞ்சு சாஃப்ட்வேரும் தெரிஞ்ச ஆள் தேவைப்படுது, 14 வருஷ அனுபவம் அங்க செல்லும். அதை மூடிடாதீங்க.

அதனால வரிசை இதுதான், அடுத்த மாசத்துலேர்ந்து கிளாசுக்குக் காசு வாங்குங்க. இதைச் சொன்னா நிறைய பேருக்குக் கூச்சம் வரும், எனக்கும் வந்துச்சு, ஆனா ஓசில சொல்லிக் குடுக்கும்போது யாரும் உங்களைக் கேள்வி கேக்க மாட்டாங்க, காசு குடுத்தவங்கதான் மூணாவது வாரம் ‘இன்னும் டீக்கடையில என்னால பேச முடியலையே’ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிச்சு நிக்கறீங்களான்னு பாக்கறதுதான் முக்கியம். ஆபீஸ்காரங்க இல்லாத, முன்ன பின்ன தெரியாத அஞ்சு பேரையாவது பிடிங்க. உங்க கிளாசையே போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, யார் அதிகம் பேசறாங்கன்னு பாருங்க. நான் முதல் தடவை கேட்டப்ப ஒரு மணி நேரத்துல முக்காவாசி என் குரல்தான் ஓடிச்சு, கத்துக்க வந்தவங்க வாயே திறக்கல. நெப்டெல்ங்கற (NPTEL) இணையப் பாடத் தளத்துல ஐஐடி பேராசிரியர்கள் எடுத்த மொழியியல் வகுப்புகள் இருக்கு, பாக்கறதுக்குக் காசு இல்ல, ஒரு கோர்ஸை முழுசா முடிங்க, அசைன்மென்ட் உட்பட. மைசூர்ல 1969ல ஆரம்பிச்ச இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கு, வெளிமாநில ஆசிரியர்களுக்குத் தமிழ் மாதிரி மொழிகளைச் சொல்லிக் குடுத்துப் பழுத்த இடம், அவங்க போட்ட பேச்சுத் தமிழ்ப் பாடப் புத்தகங்களைத் தேடி வாங்குங்க. வாக்கியத்தை எந்த வரிசையில விரிக்கறாங்க, முதல் பத்துப் பாடத்துல எதை வேணும்னே சொல்லாம விடறாங்கன்னு கவனிச்சாலே பாதி வாத்தியார் ஆயிடுவீங்க.

ஒரு வருஷம் இப்படி ஓடட்டும். அதுக்குள்ள கடனைக் கொஞ்சம் குறைங்க, ரெண்டு வருஷ இஎம்ஐக்கு உண்டான பணம் தனியா நிக்கணும், வீட்டுல அவங்க சம்பளத்தை மட்டும் வெச்சு மூணு மாசம் குடும்பம் நடத்திப் பாருங்க. நான் இதைப் பண்ணாம குதிச்சேன், படிக்கறப்ப செலவுக்கு ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்ல வேலைக்குப் போய், மூணு மாசச் சம்பளம் வராமயே நின்னு, கடைசியில வளையலை அடகு வெச்சுத்தான் ரெண்டாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டினேன். உங்களுக்கு அது வேண்டாம். அப்பாகிட்ட வாதாடாதீங்க, ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிட்டுப் போய் கிளாஸ்ல பின்னாடி உக்கார வைங்க. ஒரு பையன் அவர்கிட்ட தமிழ்ல நாலு வார்த்தை பேசட்டும்.


கேள்வி: எம்.ஏ. மொழியியல் படிச்சுட்டு ஸ்கூல்ல தமிழ் டீச்சர் ஆக முடியுமா மேடம்?
– வாசகி, மதுரை

பதில்: முடியாதும்மா. ஸ்கூலுக்கு எந்தப் பாடமோ அந்தப் பாடத்துலயே டிகிரி வேணும், கூட பி.எட். வேணும், அரசு வேலைன்னா அதுக்கு மேல டெட், டிஆர்பின்னு தேர்வுகள் இருக்கு. மொழியியல்ங்கறது பள்ளிக்கூடப் பாடமே கிடையாது. உங்க ஆசை ஸ்கூல்தான்னா தமிழ் படிச்சு பி.எட். பண்ணுங்க, மொழியியலைப் பிற்பாடு படிக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. சேந்தப்புறம் தெரிஞ்சு ரெண்டு வருஷம் போச்சேன்னு அழுத பொண்ணுங்களைப் பாத்திருக்கேன், அதான் சுத்தி வளைக்காம சொல்றேன்.


கேள்வி: அக்கா, நான் ஸ்டாஃப் நர்ஸ், 33 வயசு. ஜெர்மனி போறதுக்காக ஜெர்மன் பி2 வரைக்கும் முடிச்சேன். வீட்டுச் சூழ்நிலையில போக முடியல. இப்ப நர்ஸ் பொண்ணுங்களுக்கு ஜெர்மன் சொல்லிக் குடுக்கச் சொல்லி ஒரு சென்டர்ல கூப்பிடறாங்க. போகலாமா? இதுக்கும் மொழியியல் படிக்கணுமா?
– எஸ்., திருச்சி

பதில்: போகலாம்மா, ஆனா பி2வோட நின்னுடாதீங்க, ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2ன்னு போற ஆறு படியில அது நாலாவதுதான். அங்க நர்ஸா பதிவு பண்றதுக்குப் பொதுவா கேக்கறதே பி2, அப்ப உங்ககிட்ட படிக்கறவங்க வந்து சேர வேண்டிய இடத்துலதான் நீங்களே நிக்கறீங்க. ஏ1, ஏ2 வகுப்பை இப்ப எடுங்க, எடுத்துக்கிட்டே சி1 முடிங்க. மேல பி1, பி2 வகுப்பை உங்க தலையில கட்டப் பாத்தாங்கன்னா சி1 வர்ற வரைக்கும் வேணாம்னுடுங்க, அந்தப் பொண்ணுங்க கடன் வாங்கிப் படிக்க வந்திருப்பாங்க. மொழியியல் பட்டம் இப்ப உங்களுக்குத் தேவையில்ல, பயிற்சிதான் தேவை. கோதே இன்ஸ்டிட்யூட் ஜெர்மன் ஆசிரியர்களுக்குன்னே தனியா பயிற்சி வெச்சிருக்கு, சென்னையிலயே அவங்களோட மாக்ஸ் முல்லர் பவன்ல விசாரிங்க.

உங்ககிட்ட வேற யார்கிட்டயும் இல்லாதது ஒண்ணு இருக்கு, உங்களுக்கு வார்டு தெரியும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸ்கிட்ட நோயாளியைப் பத்தி எப்படி ஒப்படைப்பாங்க, வலி எங்க, எப்படி வலிக்குதுன்னு எப்படி விசாரிப்பாங்க, இதையெல்லாம் நீங்க ஜெர்மன்ல நடிச்சுக் காட்டி பேச வைக்கலாம். தமிழ்ல குத்துது, கடுகடுங்குது, விண்விண்ணுங்குது, பிசையுதுன்னு வலிக்கு எத்தனை வார்த்தை வெச்சிருக்கோம், அதையெல்லாம் ஒரு சார்ட்ல எழுதி எதிர்ல ஜெர்மன் வார்த்தையைப் போட்டு ஒட்டுங்க, பொண்ணுங்களுக்கு மறக்கவே மறக்காது. உச்சரிப்புல ‘இஷ்’ வேற, ‘இஹ்’ வேறங்கற இடத்துல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, ‘நான்’ங்கற வார்த்தையே அதுலதான் இருக்கு, தினமும் நூறு தடவை சொல்லப்போறாங்க. ‘யீ’ன்னு சொல்ற மாதிரி நாக்கை வெச்சுக்கிட்டு குரல் குடுக்காம வெறும் காத்தை மட்டும் விடச் சொல்லிப் பாருங்க, கிட்டத்தட்ட வந்துடும்.


கேள்வி: அம்மா, தபால் துறையில் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. வயது 61. சிதம்பரம் பக்கம்தான் வீடு. சின்ன வயதிலிருந்து மொழி ஆராய்ச்சியில் ஆசை. அண்ணாமலையில் எம்.ஏ. மொழியியல் நேரில் போய்ப் படிக்க நினைக்கிறேன். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்தால் நன்றாக இருக்குமா? முன்கூட்டியே என்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகர், சிதம்பரம் அருகில்

பதில்: தாராளமா போங்கய்யா. எம்.ஏ. படிக்கறதுக்கு வயசு தடை கிடையாது, மொழியியலுக்குப் பெரும்பாலும் எந்த டிகிரி முடிச்சிருந்தாலும் எடுத்துக்குவாங்க, போய் ஒரு தடவை துறை ஆபீஸ்ல கேட்டுட்டு உங்க பழைய சர்டிபிகேட்டையெல்லாம் தேடி எடுத்து வைங்க, அதுதான் நம்ம வயசுக்காரங்களுக்கு நாளாகற வேலை. தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் தலைமையில வளந்த துறை அது, மொழியியலுக்கு நாட்டுல பேர் சொல்ற இடம் உங்க வீட்டுப் பக்கத்துலயே இருக்கு, அதுக்கே நீங்க கொடுத்து வெச்சவர்.

சின்னப் பிள்ளைங்க சிரிப்பாங்களோன்னு கவலையே வேண்டாம். என்னோட வகுப்புல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இருந்தாரு. எந்த மொழியோட சத்தத்தையும் எழுதற சர்வதேச ஒலிக்குறி வகுப்புல அவர் கொஞ்சம் சிரமப்பட்டாரு, சின்னப் பசங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. கள ஆய்வு வந்துச்சு பாருங்க, அங்க அவர்தான் ராஜா. ஒரு கிழவிகிட்ட மாட்டு வண்டியோட ஒவ்வொரு உறுப்புக்கும் என்ன பேர்னு கேட்டு வாங்கணும். நாங்க போய் இதுக்கு என்ன பேரு, அதுக்கு என்ன பேருன்னு விரல் நீட்டிக் கேட்டோம், பாட்டி பத்து சொல்லிட்டு வெத்தலையை எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடுச்சு. அவர் போய் ‘எங்க வண்டில அச்சு முறிஞ்சு போச்சுங்க ஆத்தா, என்ன பண்றது’ன்னு உக்காந்தாரு, பாட்டி ரெண்டு மணி நேரம் பேசிச்சு, நாப்பது வார்த்தைக்கு மேல தேறிச்சு.

தயார் பண்றதுன்னா ஒலிக்குறியை இப்பவே மெதுவா எழுதிப் பழகுங்க, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை போதும். தமிழ்ல ‘க’ன்னு ஒரே எழுத்துதான், கல்னு சொல்லும்போது ஒரு சத்தம், சங்கம்ல ஒரு சத்தம், அகலம்ல ஒரு சத்தம், இந்த மூணையும் தனித்தனியா எழுத வந்துட்டா ஆரம்பம் சரியா இருக்குன்னு அர்த்தம். கூடவே ஒரு நோட்டு போட்டு, உங்க சர்வீஸ்ல எத்தனை ஊர்ல வேலை பாத்தீங்களோ அந்த ஊர்ல எல்லாம் மக்கள் தபால்காரர்கிட்ட எப்படிப் பேசினாங்க, கடுதாசி, லிகிதம், காயிதம்னு எதை எப்படிச் சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கற வரைக்கும் ஊர் பேரோட எழுதி வைங்க, ரெண்டாவது வருஷம் ஆய்வுக்குத் தலைப்பு கேக்கும்போது கை கொடுக்கும். சேந்ததும் எனக்கு ஒரு கார்டு போடுங்கய்யா.